பச்சை வாளி

பங்குனிக் கடைசியில் ஒரு ராத்திரி
அமலி திடுக்கென்று எழுந்து மொட்டைமாடிக்கு ஓடினாள்,
கொடியில் மகன் சீருடை, மழை என்று.
நானும் பின்னாலேயே, ஒற்றைச் செருப்போடு.

வானத்தில் ஒரு சொட்டு இல்லை.
வில்லாபுரம் அனலைப் போர்த்திப் படுத்திருந்தது.
சீருடை காய்ந்து, பலகையாய் விறைத்துத் தொங்கியது.
தூறல் சத்தம் மட்டும்
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
நீல டிரம்முக்குள்ளிருந்து
நிற்காமல்.

மூடியைத் திறந்து போன் வெளிச்சம் அடித்தேன்.
சாயங்காலம் கொட்டிய புளித்த சாம்பார்,
கிழிந்த வாழையிலை, மத்தி மீன் தலை,
பையன் டப்பாவில் திருப்பிக் கொண்டுவந்த எலுமிச்சைச் சோறு.
அதற்கு மேல் அரிசி நிறத்தில் ஒரு கொதிப்பு.
அத்தனை ஆயிரம் வாயும்
ஒரே நேரத்தில் மெல்லுகிற சத்தம்
மழை மாதிரிதான் இருக்கிறது
மழை கேட்டு நாளாகிவிட்ட காதுக்கு.

"இதுக்கா நான் தலைதெறிக்க ஓடியாந்தேன்."
திட்டினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளிடம் புழு என்று சொல்லக்கூடாது.
அதுக.
அதுகளுக்குப் போட்டாச்சா.
அதுக நேத்து பலாச்சக்கையைத் தொடவே இல்லையே.

தின்று முடித்தவை கறுக்கும்.
சாய்த்து வைத்த பைப்பில் தாமாக ஏறி
சோற்றைத் திரும்பிப் பாராமல்
அந்தப் பக்கத்து டப்பாவில் பொத்தென்று விழும்.
விட்டுவைத்தால் ஈயாகும்.
ஈயானபின் தின்பதில்லை என்றேன்.
"பெறகு?"
ஒரு வாரம் பறக்கும், கூடும்,
அட்டைப்பெட்டி இடுக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும்.
உலை கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள் அமலி.
"குடுத்து வச்சவ."

காலை ஆறே முக்காலுக்கு விசில்.
நாகஜோதியின் பேட்டரி வண்டி.
நீல வாளியைக் கொடுத்தேன், பிளாஸ்டிக் கவர்கள்.
பச்சை வாளியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"பன்னெண்டு நாளாச்சு சார்.
அக்காவுக்கு முடியலையா?"
அப்புறம் குரலை இறக்கி,
"வேலை கீலை போயிருச்சா?"

எங்கள் சந்தை ஒருத்தி
தினமும் வாசித்துவருகிறாள் என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.
கடைசி வீட்டு டெய்லருக்குச் சர்க்கரை,
ஆனாலும் ஜிலேபித் தாளை மடித்து மடித்து
காய்த்தோலுக்கு அடியில் ஒளிக்கிறார்.
எதிர்வீட்டு மிச்சத்தில்
மூன்று வாரமாக ஓர் ஆள் குறைகிறது.
என் கடைவாய்ப்பல் போன மாதத்தை
முருங்கைச் சக்கையிலேயே அவள் பார்த்திருப்பாள்.
யாரிடமும் சொன்னதில்லை.
இப்போது ஒரு கதையில்
பன்னிரண்டு பக்கம் காணோம் என்பதுபோல் நிற்கிறாள்.

மாடிக்குக் கூட்டிப்போனேன்.
கையுறையைக் கழற்றினாள்.
நான் வேண்டாம் என்பதற்குள்
மணிக்கட்டுவரை உள்ளே விட்டுவிட்டாள்.
"ஏயப்பா, காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தி மாதிரில கொதிக்குது."
நாற்றத்தைத் தேடி மூக்கை அங்கும் இங்கும் திருப்பினாள்.
அவளுக்குத் தெரியாத நாற்றமா?
கிடைக்கவில்லை.

"இதைய வெள்ளக்கல்லுல ஒரு லாரி கொட்டுனா
அந்த மலை எத்தனை நாளைக்குத் தாங்கும்?"
என்று கேட்டு,
நான் கணக்குப் போடுவதற்குள்
"வீட்டுக்கு வீடு இதை வச்சா
எங்க வயித்துல அடிச்சிருமா சார்?"
என்றும் கேட்டாள்.

முதல் கேள்விக்கு
ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சிந்தாமணியில் அவளுக்கு நாலு கோழி.
கறுத்தவற்றைப் பால்கவரில் அள்ளி
கழுத்தை முறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு முட்டை, கையோடு கையாக,
அமலியிடம்.
அதுக மஞ்சள்கருவை நக்கியெடுத்துவிட்டு
ஓட்டை விட்டுவிட்டன. மாங்கொட்டையையும்.

செவ்வாய்க்கிழமை பச்சை வாளி வெளியே போனது,
அடியில் இரண்டு ஓடு, ஒரு கொட்டை.
குனிந்து பார்த்தாள்.
"ஆம்ப்ளேட்டா?"
"ம்."
"வெங்காயம் போட்டா?"
போட்டோம் என்றேன்.
விசிலை வாயில் வைத்து
எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஊதினாள்.